தேக்காவின் பின்தெருக்களில் ஓர் அந்தி: சிங்கப்பூர் வருவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து சிங்கப்பூர் வருகிறவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் காலை எட்டு முதல் இரவு பத்து வரை கட்டம் கட்டமாக நிரம்பியிருக்கும். மெர்லயன் சிலை, செந்தோசா, பறவைகள் பூங்கா, இரவு சஃபாரி, கடைசி நாளில் தேக்காவில் சாமான் வாங்குவது. மாலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவே அவர்கள் பெரும்பாலும் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இந்த நகரம் மிக அழகாக இருக்கும் நேரம் அதுதான்.

பதினான்கு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து அப்பா முதல்முறை வந்தபோது ஐந்து நாளில் ஒன்பது இடம் காட்டினேன். ஆறாம் நாள் நல்ல மழை, எங்கும் போக முடியவில்லை. மழை விட்டதும் அவரை அழைத்துக்கொண்டு தேக்காவில் உள்ள டன்லப் தெருப் பக்கம் சும்மா நடந்தேன். ஒன்றரை மணி நேரம் இருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு அக்கம்பக்கத்தாரிடம் அவர் விரித்துச் சொன்னது அந்த நடையை மட்டும்தான் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார்.

அதன்பின் யார் வந்தாலும் ஒரு மாலையைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். அந்த மாலையை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை, நாள் பார்ப்பதிலிருந்து பஸ் ஏறுவது வரை இங்கே எழுதுகிறேன். வழிகாட்டி இல்லாமல் நீங்களாகவே நடக்கலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் நடக்கக்கூடிய தூரம்தான்.

முதல் படி: கிழமை பாருங்கள்

லிட்டில் இந்தியா என்று வரைபடங்களில் இருக்கும் பகுதியை இங்குள்ள தமிழர்கள் தேக்கா என்றுதான் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா ஒரு தனி உலகம். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ஆறு நாள் உழைத்த நம் ஊர்ப் பிள்ளைகளும் வங்கதேசத்துத் தொழிலாளர்களும் அன்றைக்குத்தான் வெளியே வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அதை நெரிசல் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அது அவர்களுடைய நாள். அந்தத் தெருக்களில் அன்று அவர்களுக்கே முதல் உரிமை. அமைதியான அந்தி வேண்டுமென்றால் நாம் வேறு நாளில் வர வேண்டும்.

சனிக்கிழமை கடைக்கூட்டம். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உரிய நாட்கள், கோயில் பக்கம் நெருக்கம் இருக்கும். திங்களன்று சில கடைகளுக்கு விடுமுறை. ஆகவே புதன் அல்லது வியாழன். இரண்டில் ஒன்று கேட்டால் புதன் என்பேன்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே சிராங்கூன் சாலையில் ஒளி அலங்கார வளைவுகள் எழுந்துவிடும். பொங்கல் சமயத்தில் கேம்பல் லேனில் கரும்பும் மண்பானையும் குவியும். இரண்டும் பார்க்க வேண்டியவையே. ஆனால் அந்த வாரங்களில் இந்த நடை கிடைக்காது.

இரண்டாம் படி: சூரியனின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை தாமாகவே அமைந்துவிடும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலே வடக்கில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. நவம்பரில் 6.50 அளவில், பிப்ரவரியில் 7.20 அளவில். எந்த மாதம் வந்தாலும் ஏழு மணி என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது.

ஏழு மணி என்பது ஊர்க்காரர்களுக்குத் தாமதமாகத் தோன்றும். அதற்குக் காரணம் சூரியன் இல்லை, கடிகாரம்தான். இந்தத் தீவு இருக்கும் தீர்க்கரேகைப்படி பார்த்தால் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டு, 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி எட்டு மணி நேரக் கணக்குக்கு வந்தது. அதனால் இங்கே உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு வராது, ஒரு மணிக்குத்தான் வரும். பொழுது விடிவதும் ஏழுக்கு, சாய்வதும் ஏழுக்கு.

சூரியன் மறைந்த பிறகு வானத்தில் வெளிச்சம் மிஞ்சியிருப்பது சுமார் இருபது நிமிடம். நிலநடுக்கோட்டருகே சூரியன் சாய்வாக இறங்காமல் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குவதால் இருட்டு சீக்கிரம் கவிகிறது. அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் மற்ற எல்லா ஏற்பாடும். 6.50க்கு நீங்கள் உங்கள் தெருவில் நின்றாக வேண்டும். ரயிலில் இருக்கக்கூடாது, கடையில் பேரம் பேசிக்கொண்டு இருக்கக்கூடாது.

வந்து இரண்டொரு நாளே ஆனவர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. இங்கே ஏழு மணி என்றால் ஊரில் நாலரை. உடம்பு இன்னும் ஊர் நேரத்திலேயே இருப்பதால் களைப்பும் பசியும் அந்த நேரத்தில் தொந்தரவு செய்யாது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டு மாலைக்குள் ஓய்ந்துவிடுவது வழக்கம். டிசம்பரிலும் ஜனவரியின் முதல் பாதியிலும் வடகிழக்குப் பருவமழை சில நாள் விடாமல் பெய்யும். மூன்று மணிக்குப் பெய்தால் திட்டத்தைக் கைவிடாதீர்கள். மழை கழுவிய தெருவில் விளக்கொளி விழுவதைப் பார்த்தவர்கள் அடுத்த முறை மழைக்காகக் காத்திருப்பார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட மாலைதான்.

மூன்றாம் படி: கையில் என்ன வைத்துக்கொள்வது

குறைவாக. ஒரு சிறு குடை, ஒரு தண்ணீர் புட்டி (குழாய்த் தண்ணீரையே நிரப்பிக் குடிக்கலாம்), வேர்வை துடைக்க ஒரு கைக்குட்டை, பத்து இருபது வெள்ளி சில்லறையாக. இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம். காலில் பிடிப்பான அடிப்பகுதி கொண்ட செருப்பு போடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டால் போதும். பெரிய கேமரா வேண்டாம்.

நான்காம் படி: ஆறேகாலுக்குப் பூக்கடைகள்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்குங்கள். தொடர்பில்லாக் கட்டண வசதி உள்ள வங்கி அட்டையையே வாயிலில் தட்டி உள்ளே போகலாம், தனியாக டிக்கெட் வாங்க வேண்டாம். வெளிநாட்டு அட்டைக்குச் சிறிது கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். பஃபலோ ரோட்டை நோக்கி வெளியேறுங்கள். ஒரு பக்கம் தேக்கா நிலையம் என்னும் சந்தைக் கட்டடம், மறுபக்கம் வரிசையாகக் காய்கறிக் கடைகளும் பூக்கடைகளும். முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலைக் கட்டு எல்லாம் உண்டு. நம் ஊர்க் கடைத்தெருவைத் தூக்கி இங்கே வைத்ததுபோல் இருக்கும்.

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு பூக்கடைமுன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நான் வழக்கமாக நிற்கும் கடையில் ஓர் அக்கா மல்லிகை தொடுப்பார். இடக்கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நூல். வலக்கை தட்டுக்குள் போய் இரண்டு மொட்டை எடுத்துக் காம்பு உள்பக்கம் இருக்கும்படி வைக்கும், எதிர்த்திசையில் இன்னும் இரண்டு, நூல் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு இழுக்கும். பார்வை தட்டில் இருக்காது. வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே இருப்பார், விரல் மட்டும் கணக்குத் தவறாமல் போய்க்கொண்டே இருக்கும். நூலில் ஈரம் காய்ந்தால் பக்கத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விரலைத் தொட்டுக்கொள்வார். முழக்கணக்கில்தான் விற்பனை, அவருடைய கைமுழம்தான் அளவு. "இன்றைக்குப் பூ எப்படி, அக்கா?" என்று தமிழிலேயே கேளுங்கள். ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

அங்கிருந்து இணையாகப் போகும் கேர்பாவ் ரோட்டுக்கு வாருங்கள். கேர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஆங்கிலப் பெயரில் ஒரு எருமைத் தெரு, மலாய்ப் பெயரில் ஒரு எருமைத் தெரு, இரண்டும் அடுத்தடுத்து. இந்தப் பகுதி ஒருகாலத்தில் மாட்டு வணிகத்தால் வளர்ந்தது என்பதற்கு இந்தப் பெயர்கள் போதும். சற்றுத் தள்ளி இருக்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயருக்குப் பின்னாலும் ஒரு காலம் இருக்கிறது: 1842 முதல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இங்கேதான் இருந்தது.

கேர்பாவ் ரோட்டில் பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று பல வண்ணம் பூசிய வீடு ஒன்று நிற்கும். மிட்டாய் தயாரிப்பில் செல்வம் சேர்த்த டான் தெங் நியா என்ற சீன வணிகர் 1900இல் கட்டியது. பகலில் அதன்முன் படம் எடுக்க வரிசை நிற்கும். ஆறரைக்கு மேல் நெரிசல் தணிந்துவிடும், வண்ணங்களும் வெயிலின் கண்கூச்சம் போய்த் தணிந்து தெரியும். ஐந்து நிமிடம் போதும். நேரம் 6.40 ஆகியிருந்தால் கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: சிராங்கூன் சாலையைக் கடந்து டன்லப் தெரு

சாலையைக் கடக்கும்போது பச்சை மனித உருவ விளக்கு எரியும் வரை நில்லுங்கள். பாதசாரிக் கடவைக்கு 50 மீட்டருக்குள் கண்ட இடத்தில் குறுக்கே போவது இங்கே குற்றம். எதிர்ப்பக்கம் கேம்பல் லேன், அதற்கடுத்தது டன்லப் தெரு. நுழைந்து முப்பது நாற்பது அடி நடந்ததுமே சிராங்கூன் சாலையின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் அடங்குவது காதுக்குத் தெரியும்.

இப்போது செருப்பு விஷயம். தெருவின் இருபுறமும் உள்ளவை கடைவீடுகள்: கீழே கடை, மேலே வீடு. கடைவீடுகளின் முன்னால், மாடியின் அடியில், கூரை போட்டதுபோல் ஒரு நடைபாதை தொடர்ந்து போகும். ஐந்தடிப் பாதை என்பார்கள். மலாயில் காக்கி லீமா, அதற்கும் ஐந்தடி என்றே பொருள். 1822இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் நகரமைப்பு விதிகளை வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் யாரும் நடக்கும்படி கூரையுள்ள பாதை விட்டாக வேண்டும் என்று உத்தரவிட்டார். ஊரில் நம் வீட்டுத் திண்ணை வழிப்போக்கருக்கு ஒதுங்க இடம் கொடுத்ததுபோல இங்கே அரசு விதியே இடம் கொடுத்தது. வெயிலுக்கும் மழைக்கும் இரண்டு நூற்றாண்டாக மக்கள் இதன் அடியில்தான் நடக்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தம் தரையைத் தம் விருப்பப்படி அமைத்ததால் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே அரை அடி ஏற்றம், கால் அடி இறக்கம். சில இடங்களில் தரையில் பூ வேலைப்பாடு கொண்ட பழைய ஓடுகள் பதித்திருக்கும். பார்க்க அழகு, நனைந்தால் வழுக்கும். பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே அண்ணாந்து பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்க வேண்டாம்.

தெருவின் நடுவே அப்துல் கஃபூர் பள்ளிவாசல். 1907இல் கட்டத் தொடங்கியது. முகப்பில் சூரியக் கடிகாரம் போன்ற ஒரு வேலைப்பாடு இருக்கிறது. அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தி வெளிச்சத்தில் கண்ணால் எண்ணி முடிப்பது கடினம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் முயல்கிறேன். தொழுகை நேரம் என்பதால் உள்ளே போக வேண்டாம், எதிர்ப்புற ஐந்தடிப் பாதையில் நில்லுங்கள்.

அங்கே நின்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போவார்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தெருவெங்கும் முழங்காது. 1970களில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளை உட்புறமாகத் திருப்பி வைத்தார்கள், பாங்கை வானொலியில் ஒலிபரப்புகிறார்கள். தெருவில் ஒரு கடைக்குள்ளிருந்து வானொலி வழியாகச் சன்னமாகக் கேட்கும். நெருங்கி வாழும் பல சமயத்தார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து உண்டாக்கிய அமைதி அது.

வண்டிச் சத்தம் ஏன் குறைவு என்று அப்பா கேட்டார். இங்கே கார் வாங்குவதற்கு முன் கார் வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், 1990 முதல் அப்படித்தான். அந்த உரிமையும் பத்து ஆண்டுக்குத்தான். காரின் விலையைவிட உரிமைச் சான்றிதழின் விலை கூடுதலாகிவிடும் காலமும் உண்டு. அதனால் பெரும்பாலோர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறார்கள், பின்தெருக்கள் நடப்பவர்களுக்குக் கிடைக்கின்றன. தேவையில்லாமல் ஹாரன் அடிக்கும் வழக்கமும் இல்லை.

ஏழு மணியை ஒட்டித் தெருவிளக்குகள் எரியும். அடுத்த கால் மணி நேரம் எதுவும் செய்யாதீர்கள். வானம் முதலில் வெளிறும், பிறகு வெற்றிலைக் காவிபோல மேற்கில் ஓரிடத்தில் சிவக்கும், பிறகு ஒரு ஆழ்ந்த நீலம் வரும். அந்த நீலமும் விளக்கின் மஞ்சளும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்கும் சில நிமிடங்கள் உண்டு. அப்போது கடைவீடுகளின் மரச் சன்னல்கள், பலகை இடுக்குகள், மாடியில் காயும் ஒரு சட்டை எல்லாம் தனித்தனியாகத் துலங்கும். மைனாக்கள் கூட்டமாக மரத்தில் அடைந்து இரைச்சலிட்டு, ஒரு கட்டத்தில் யாரோ சொல்லி நிறுத்தியதுபோல் அடங்கிவிடும். முடிதிருத்தும் கடையில் ஒருவர் துண்டை உதறுவார். யாரோ சாம்பிராணி காட்டுவார்கள். அப்பா ஒரு கடையின் மூடிய கதவுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்த ஊரில் இப்படி உட்கார இடம் இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லையே, அம்மா" என்றார்.

ஆறாம் படி: தேநீர்

7.20க்குமேல் ஒரு கோப்பிக்கடையிலோ தேக்கா நிலையத்து உணவங்காடியிலோ உட்காருங்கள். தே என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பாலும் சர்க்கரை இனிப்புமாக வரும், ஊர் டீயைவிட இனிப்பு அதிகம். தே ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. தே ஓ கோசோங் என்றால் இரண்டும் இல்லை. கோசோங் என்றால் மலாயில் வெறுமை. தே சி என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத ஆவிப்பால், சர்க்கரை தனியாக. இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் கடைசியில் சியூ தாய் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாக்குக்கு ஏற்றது தே தாரிக். உயரத் தூக்கி ஆற்றி நுரையோடு தருவார்கள், கும்பகோணத்தில் காபி ஆற்றும் அதே கைவீச்சு. இஞ்சி விரும்புவோர் தே ஹாலியா கேட்கலாம்.

நாற்காலியில் ஒரு கைத்தாள் (டிஷ்யூ) பொட்டலம் மட்டும் கிடந்தால் அந்த இடத்தை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று பொருள், உட்கார வேண்டாம். குடித்து முடித்ததும் குவளையையும் தட்டையும் நீங்களே அதற்கான அடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் முதல் இதைக் கட்டாயமாக்கி நடைமுறைப்படுத்துகிறார்கள்.

ஏழாம் படி: சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்

தேநீருக்குப் பிறகு சிராங்கூன் சாலை வழியாக ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடக்கலாம், ஐந்தாறு நிமிடம்தான். இங்கே வேலைக்கு வந்த வங்காளத் தொழிலாளர்கள் 1881இல் எழுப்பிய கோயில். பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். இந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கம்பம் என்பது கம்போங் என்ற மலாய்ச் சொல், கிராமம் என்று பொருள். நம்மவர்கள் அதைத் தமிழாக்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் உள்ளே போனால் கம்போங் கபூர் ரோடு என்று ஒரு தெரு. கபூர் என்றால் சுண்ணாம்பு. எருமைத் தெருக்களைப் போலவே இங்கும் ஒரே செய்தியை இரண்டு மொழிகள் சொல்கின்றன. தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் இந்த ஊரின் பாதி வரலாறு கிடைத்துவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

1942இல் ஜப்பானியர் குண்டு வீசியபோது அக்கம்பக்கத்து மக்கள் இந்தக் கோயிலுக்குள் வந்து ஒதுங்கினார்கள். கோயிலுக்குச் சேதம் இல்லை. மாலைப் பூசையில் மணி அடிக்கும்போது இதை நினைத்துக்கொண்டு நிற்பேன். பஃபலோ ரோட்டில் வாங்கிய பூவை இங்கே கொடுக்கலாம், அல்லது வீட்டுப் பெண்களின் தலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரவு உணவுக்கு இதே சாலையில் 1947 முதல் இயங்கும் கோமள விலாஸ் இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம், இடம் சீக்கிரம் காலியாகும்.

செய்யக்கூடாதவை

ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வந்த புதிதில் ஒரு மாலை, ஐந்தடிப் பாதையின் படியில் உட்கார்ந்திருந்த ஒரு தொழிலாளரை நான் படம் எடுத்துவிட்டேன். தெருவிளக்கு அவர் முகத்தில் விழுந்திருந்தது, அதைத்தான் பார்த்தேன். அவர் கைப்பேசியில் தம் குழந்தையோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். என்னைக் கண்டதும் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அருகில் போய் மன்னிப்புக் கேட்டு அவர் கண்முன்னே படத்தை அழித்தேன். "பரவாயில்லை, அக்கா" என்றார். பல மணி நேர உழைப்புக்குப் பிறகு அவருக்கு வாய்த்த பத்து நிமிடத் தனிமையை நான் கெடுத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் போகவில்லை. சுற்றுலாக்காரருக்குக் காட்சியாக இருப்பது அங்கே வாழ்பவருக்கு வீட்டு முற்றம்.

சட்டத்தைப் பொறுத்தவரை: குப்பையைக் கீழே போட்டால் முதல் குற்றத்துக்கே நீதிமன்றம் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். கூரையுள்ள நடைபாதைகளில் புகைக்கக்கூடாது. மின்சிகரெட்டை நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொதுவிடத்தில் மது அருந்தத் தடை. தேக்காவில் வார இறுதியில் விதி இன்னும் கடுமை.

இன்னொரு மாலை கிடைத்தால்: தோ பாயோ

தேக்கா நம்மூரின் நீட்சி. சிங்கப்பூர்க்காரர்கள் எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க ஒரு குடியிருப்புப் பேட்டைக்குப் போக வேண்டும். இங்கு வசிப்போரில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். வீவக வீடு என்று சுருக்கமாகச் சொல்வோம். தோ பாயோ அப்படிப்பட்ட பழைய நகரங்களில் ஒன்று, 1960களில் உருவானது. பெயருக்குப் பெரிய சதுப்பு நிலம் என்று பொருள்.

லோரோங் 6இல் (லோரோங் என்றால் மலாயில் சந்து) 1979இல் கட்டிய டிராகன் விளையாட்டுத் திடல் இருக்கிறது. ஆரஞ்சு நிறத் தலையும் வளைந்த முதுகெலும்புமாக ஒரு பெரிய டிராகன், கீழே மணல். ஆறேகாலுக்குப் போனால் பிள்ளைகள் மணலோடு வீட்டுக்குப் போக மறுத்துக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து அடுக்குமாடிப் புளோக்குகளின் கீழ்த்தளங்கள் வழியாகவே நடக்கலாம். கீழ்த்தளத்தில் வீடுகள் கிடையாது, தூண்களும் கல் மேசைகளும் மட்டும். முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். திருமணமோ துக்கமோ அங்கேதான் நடக்கும்.

சாலையோரம் குடைபோல் விரிந்த பெரிய மரம் ஒன்றைத் தேடி அதன் அடியில் நில்லுங்கள். நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரம்தான். 19ஆம் நூற்றாண்டில் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இந்தத் தீவின் சாலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. ஒரு தாழ்ந்த கிளையைக் கூர்ந்து பாருங்கள். ஆறு மணிக்கு மேல் சிற்றிலைகள் எதிரெதிராக மடியத் தொடங்கும். அசைவு கண்ணுக்குத் தெரியாது. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் முன்பு பச்சையாக மூடியிருந்த இடத்தில் வானம் தெரியும். மலாயில் இதற்குப் புக்குல் லீமா என்று ஒரு பெயர், ஐந்து மணி என்று பொருள். அந்தப் பெயர் வழங்கத் தொடங்கிய காலத்தில் கடிகாரம் இன்றைவிடப் பின்னால் இருந்தது. கடிகாரத்தை மனிதர்கள் தள்ளி வைத்தார்கள், மரம் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அதன்பின் லோரோங் 8இல் உள்ள ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பலாம்.

வேறு தெருக்களும் உண்டு. தியோங் பாருவில் 1930களின் வளைந்த மூலைகள் கொண்ட வெள்ளைக் குடியிருப்புகள், ஆனால் சிற்றுண்டிக் கடைகள் பெருகிவிட்டன. கூன் செங் ரோட்டில், சீனமும் மலாயும் கலந்த மரபினரான பெரானாக்கான்களின் வீடுகளில் உள்ள பூவோடுகள் பார்க்கத் தக்கவை, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தெலுக் ஆயர் தெருவுக்கு ஞாயிறு மாலை போங்கள், அலுவலகங்கள் மூடியிருக்கும். நாகூர் தர்காவும் அல் அப்ரார் பள்ளிவாசலும் சீனர்களின் தியான் ஹாக் கெங் கோயிலும் ஒரே தெருவில் நிற்கின்றன. ஒருகாலத்தில் கடற்கரையாக இருந்த தெரு அது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொன்ன இடங்கள் அவை. குச்சுப்பள்ளி என்று நம்மவர்கள் அழைத்தது அல் அப்ராரைத்தான், முதலில் வெறும் குடிசையாக இருந்ததால்.

கடைசிப் படி: திரும்புவது

ரயில் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். சிராங்கூன் சாலையில் ஈரடுக்குப் பேருந்துகள் நிறைய வரும். ஏறும்போது அட்டையைத் தட்டிவிட்டு மாடிக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். பெரியவர்கள் படி ஏறும்வரை கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டும், ஓட்டுநர் காத்திருக்க மாட்டார். முன் கண்ணாடி வழியாகக் கடைவீடுகளின் மாடிச் சன்னல்கள் கண்மட்டத்தில் கடந்துபோகும். கீழே நடந்தபோது தெரியாத மேல்தளத்து வேலைப்பாடுகள், விளக்கு எரியும் ஓர் அறை, சன்னலோரம் படிக்கும் ஒரு பிள்ளை.

இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். மறந்தால் அந்தப் பேருந்து போகும் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடித்துவிடுவார்கள். அன்றைக்கு அப்பா மறந்துவிட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஒரு முழம் மல்லிகை. ஊர் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும் என்று சொன்னேன். தெரியும் என்றார், சுற்றியதைப் பிரிக்கவில்லை.